தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள்

பெங்களூரில் தமிழர் வரலாறு எப்பொழுது தொடங்குகிறது என்று கேட்டால், 1809-ஆம் ஆண்டில் என்றே பலரும் விடை கூறுவர். மைசூர்ப் போர்கள் முடிந்தபின், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்த தங்கள் படைக்கு அவ்விடத்து நோய்கள் ஒவ்வாமையைக் கண்ட ஆங்கிலேயர், அல்சூர் ஏரியின் அருகே புதிய பாளையம் ஒன்றை அமைத்த ஆண்டு அது. அப்பாளையத்தை மக்கள் தண்டு என்று அழைத்தனர். தண்டு என்பது தமிழிலும் கன்னடத்திலும் படையைக் குறிக்கும் பழஞ்சொல். அந்தத் தண்டை நாடி வடஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் சிப்பாய்களும், கொத்தர்களும், வணிகர்களும், குத்தகைக்காரர்களும், வீட்டு வேலை செய்வோரும் வந்து குடியேறினர். அவர்களுடைய பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் இன்று அந்நகரத்து மக்களாகவே வாழ்கின்றனர்.

இந்த விடையில் பிழை ஒன்றுமில்லை. ஆயினும் அல்சூர் ஏரிக்குத் தெற்கே, நெடுந்தொலைவு செல்லாமலேயே, இவ்விடையை நின்று நிதானித்து எண்ணச் செய்யும் கோயில் ஒன்று இருக்கிறது. பழைய விமான நிலையச் சாலையும் உள்வட்டச் சாலையும் கூடுகின்ற இடத்தை அடுத்துள்ள தொம்மலூரில், சந்துகளுக்கும் அடுக்குவீடுகளுக்கும் நடுவே நிற்கும் சொக்கநாதசுவாமி கோயிலே அது. அதன் கற்களில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. அவை தண்டு தோன்றுவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முற்பட்டவை. முதலாம் கெம்பே கௌடர் 1537-ஆம் ஆண்டில் பெங்களூர்க் கோட்டையை எழுப்பியதற்கும் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் முற்பட்டவை.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் ஒருவர் இச்செய்தியைக் கேட்டவுடன் அவர் உள்ளத்தில் ஒரு மகிழ்ச்சி எழுவது இயல்பு. "இந்த மண்ணில் நாம் நேற்று வந்தவர் அல்லர்" என்ற எண்ணம் அடுத்த கணமே தோன்றும். அந்த மகிழ்ச்சி நியாயமானதே. அதற்கு அப்பால் அக்கற்கள் உண்மையில் என்ன சொல்கின்றன, என்ன சொல்லவில்லை என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் கோயிலைக் காண்போம். பெருஞ்சாலையின் இரைச்சலை விட்டுப் பழைய ஊருக்குள் திரும்பினால் தெரு குறுகிவிடுகிறது. சற்று மேடான இடத்தில் கோயில் அமைந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலையோ மதுரையையோ மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர் ஏமாற்றமடைவர். விண்ணை முட்டும் கோபுரமோ, நீண்ட பிரகாரங்களோ இங்கே இல்லை. சிற்றூர் ஒன்று தன் ஆற்றலுக்கு ஏற்ற அளவில் எடுப்பித்த கோயில் இது. கருவறையும் அதன் முன்னுள்ள பகுதியும் பழமையானவை. முன்மண்டபத்துத் தூண்களின் சதுரங்களில் செதுக்கப்பட்ட சிறுசிறு உருவங்கள் விஜயநகரக் காலத்துக் கைத்திறனைக் காட்டுகின்றன. ஒரு நூற்றாண்டில் தொடங்கி மற்றொரு நூற்றாண்டில் முடிந்ததாக இதனைக் கூற இயலாது. ஒவ்வொரு தலைமுறையும் தன்னால் இயன்றதைச் சேர்த்துவிட்டுச் சென்ற கட்டடம் இது.

சொக்கநாதர் என்ற பெயரைக் கேட்டதும் தமிழர் மனம் மதுரைக்குச் சென்றுவிடும். உள்ளே சிவலிங்கம் இருக்கும் என்று எதிர்பார்க்கும். ஆனால் கருவறையில் எழுந்தருளியிருப்பவர் திருமால். கல்வெட்டுகள் அவரைச் சொக்கப்பெருமாள் என்றே அழைக்கின்றன. சொக்கு என்றால் நமக்கு அழகு, மயக்கும் அழகு. அழகிய பெருமாள் என்று தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் வழங்கும் பெயரின் மறுவடிவம் என்று இதனைக் கொள்ளலாம். அதே சமயம், சொக்க என்ற சொல் கன்னடத்திலும் உண்டு. தூய்மையான, செம்மையான என்பது அங்கே அதன் பொருள். ஆகவே ஒரே பெயரைச் சொல்லித் தமிழர் அழகனை வணங்குகின்றனர்; கன்னடர் தூயவனை வணங்குகின்றனர். இருவரும் தத்தம் மொழியில் நின்றபடியே வணங்குவதற்கு இடந்தரும் பெயர் இது.

இனி, இந்த எழுத்துகள் இங்கே எவ்வாறு வந்தன என்பதைப் பார்ப்போம். இன்றைய பெங்களூர் பரந்துள்ள நிலப்பகுதி மிகப் பழைய காலத்தில் கங்க மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. நகரத்தின் வடபகுதியான ஹெப்பாளத்தில் 2018-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட வீரக்கல் ஒன்று, கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தது. சுமார் 750-ஆம் ஆண்டில் கன்னட மொழியில் எழுதப்பட்டது. நகரத்தின் தென்பகுதியான பேகூரில் சுமார் 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த மற்றொரு வீரக்கல் இருக்கிறது. பெங்களூர் என்ற பெயரையே அது குறிப்பிடுகிறது, அதுவும் கன்னடமே. ஆகவே இந்நிலத்தில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய குரல்களுள் இவை இரண்டும் கன்னடக் குரல்கள் என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

சுமார் 1004-ஆம் ஆண்டில் முதலாம் இராசராச சோழனின் படைகள் கங்கரின் தலைநகரான தலைக்காட்டைக் கைப்பற்றின. அன்று முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கங்கநாடு சோழர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. சோழர் தாம் வென்ற நாடுகளுக்குத் தம் விருதுகளையே பெயராக இட்டனர். கங்கபாடி முடிகொண்டசோழ மண்டலம் ஆயிற்று. கோலார்ப் பக்கம் நிகரிலிச்சோழ மண்டலம் ஆயிற்று. ஆட்சி அலுவலரும் கணக்கரும் கல்லில் எழுத்துப் பொறிப்போரும் அவர்களோடு வந்தனர். போரினால் வந்த ஆட்சி அது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. போருக்குப் பின் வந்த கணக்கரும், வணிகரும், அர்ச்சகரும் இந்த மண்ணோடு கலந்து வாழ்ந்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இக்காலத்துக் கல்வெட்டுகளில் சுவையான காட்சி ஒன்று உண்டு. இப்பகுதியின் பழைய பெயர் கன்னடத்தில் எலகங்க நாடு. இன்றும் நகரின் வடக்கே எலகங்கா என்ற ஊர் இருக்கிறது. தமிழ்க் கல்வெட்டுகள் அதனை இலைப்பாக்க நாடு என்று எழுதுகின்றன. கன்னடத்தில் பழைய பகரம் ஹகரமாக மாறும் வழக்கம் உண்டு. நம்முடைய பாலும் பல்லும் அவர்களுக்கு ஹாலும் ஹல்லும் ஆவதை நேயர்கள் அறிவர். ஆகவே இவ்விரு பெயர்களும் ஒன்றுக்கொன்று அயலானவை அல்ல. ஒரே ஊரை இரண்டு நாவுகள் உச்சரித்த விதம் அது. அதுபோலவே கோலாரைத் தமிழ்க் கல்வெட்டுகள் குவளாலம் என்கின்றன. வந்தவர்கள் இருந்த பெயரைத் தம் நாவுக்கு ஏற்ப ஒலித்தனர்; இருந்தவர்கள் தம் வழக்கப்படியே ஒலித்தனர். எவரும் மற்றவர் பெயரை அழித்துவிடவில்லை.

1116-ஆம் ஆண்டில் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டை மீட்டான். கங்கநாட்டில் சோழர் ஆட்சி அத்துடன் முடிவுற்றது. ஹொய்சளர் கன்னட நாட்டு அரசர்கள். பேலூரையும் ஹளேபீட்டையும் அழகு செய்தவர்கள். அப்படியானால் தமிழ்க் கல்வெட்டுகளும் அத்துடன் நின்றுபோயிருக்க வேண்டுமன்றோ? இங்கேதான் தொம்மலூர் நமக்குப் பாடம் கற்பிக்கத் தொடங்குகிறது. இக்கோயில் பத்தாம் நூற்றாண்டுச் சோழர் கோயில் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இங்கே ஆண்டோடு நன்கு அறியப்பட்ட தமிழ்ச் சாசனங்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதாவது, சோழர் ஆட்சி நீங்கி நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும், ஹொய்சளர் ஆட்சியிலேயே, இங்கே தமிழில் கல்வெட்டுகள் வெட்டப்பட்டன.

இதற்குக் காரணம் அக்காலத்து அரசியலில் இருக்கிறது. ஹொய்சள மன்னன் சோமேசுவரன் சோழருக்குத் துணையாகக் காவிரிக் கரைக்கு வந்து, ஸ்ரீரங்கத்துக்கு அருகே கண்ணனூரில் தங்கி ஆண்டவன். சுமார் 1254-ஆம் ஆண்டில் அவன் நாடு அவனுடைய இரு புதல்வரிடையே பிரிந்தது. ஹளேபீடும் அதனைச் சூழ்ந்த மேலை நாடும் மூன்றாம் நரசிம்மனுக்குச் சென்றன. தமிழ்நாட்டுப் பகுதிகளும், கோலாரும், இலைப்பாக்க நாடும் வீரராமநாதனுக்கு வந்தன. பின்னர்ப் பாண்டியரின் எழுச்சியால் காவிரிக் கரையை இழந்த வீரராமநாதன், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணியைத் தன் இருக்கையாகக் கொண்டான். கன்னட அரச மரபில் பிறந்து, தமிழ்நாட்டில் ஆண்டு, இரு நாட்டுக்கும் எல்லையான மலைப்புறத்தில் வந்து தங்கிய மன்னன் அவன். இவனுடைய காலத்துக் கல்வெட்டுகளே தொம்மலூர்க் கோயிலில் முதன்மையானவை.

அவற்றுள் ஒன்று, தொம்மலூரின் வருவாயிலிருந்து பத்துப் பொன்னைச் சொக்கப்பெருமாளுக்கு அம்மன்னன் அளித்ததைக் கூறுகிறது. தன் நாட்டுக் கோயில்களை நடத்துவோருக்கு அவன் பிறப்பித்த ஆணையும் இங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. பத்துப் பொன் என்பது பேரரசன் ஒருவனுக்குப் பெருந்தொகை அன்று. ஆனால் இதன் இயல்பைக் கவனிக்க வேண்டும். அரசன் தன் கருவூலத்திலிருந்து எடுத்துத் தரவில்லை. அவ்வூரிலிருந்து தனக்கு வர வேண்டியதை அவ்வூர்க் கோயிலுக்கே விட்டுக்கொடுத்தான். ஊரார் செலுத்திய வரி ஊர் விளக்குக்கு எண்ணெயாகவும் பெருமாளுக்கு அமுதுபடியாகவும் ஊருக்கே திரும்பி வந்தது. அக்காலத்துக் கொடைகள் பலவும் இம்முறையிலேயே நடந்தன.

மன்னன் கொடையைவிட என் உள்ளத்தைக் கவர்ந்தது 1270-ஆம் ஆண்டைச் சேர்ந்த சிறிய கல்வெட்டு ஒன்று. அழகியார் என்ற ஒருவர் கோயில் வாயிலுக்கு இரண்டு நிலைக்கால்களை அளித்தார் என்பதே அதன் செய்தி. அவர் எவர், எங்கிருந்து வந்தார், என்ன தொழில் செய்தார் என்ற விவரம் இல்லை. நிலமோ பொன்னோ அவர் தரவில்லை. வாசலின் இருபுறமும் நிற்க இரண்டு கற்கள் தந்தார். எத்தனையோ பேரரசுகள் எழுந்து விழுந்தன. அழகியாரின் பெயர் எழுநூற்றைம்பது ஆண்டுகளாக நிற்கிறது.

மற்றொரு தமிழ்க் கல்வெட்டு, கணவனும் மனைவியும் சேர்ந்து செய்த கொடையைச் சொல்கிறது. ஜலப்பள்ளி என்ற ஊரின் நிலமும் விண்ணமங்கலத்து ஏரியும் அதில் குறிக்கப்படுகின்றன. மேட்டு நிலமான இந்தப் பீடபூமியில் பேராறு எதுவும் இல்லை. மழைநீரை ஏரிகளில் தேக்கி அதன் கீழ் நெல் விளைவிப்பதே வாழ்வுக்கு வழி. ஆகவே இங்கே ஏரியைக் குறிப்பிட்டுச் செய்த கொடை, ஆண்டுதோறும் விளையும் கொடை. அக்கொடையைச் செய்தவர்களில் மனைவியும் ஒருவராகக் கல்லில் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது.

இக்கல்வெட்டுகள் தொம்மலூருக்கு மற்றொரு பெயரும் தருகின்றன: தேசிமாணிக்கப்பட்டணம். பட்டணம் என்பது வணிகர் கூடும் ஊருக்குரிய பெயர். தேசி என்ற சொல்லோ, நானாதேசிகள் என்று புகழ்பெற்ற, நாடு விட்டு நாடு சென்று வாணிகம் செய்த வணிகக் குழுக்களை நினைவூட்டுவது. பல மொழி பேசும் வணிகர்கள் பொதி மாடுகளுடன் வந்து தங்கிச் சென்ற ஊராக இது இருந்திருக்கும் என்று இப்பெயரைக் கொண்டு ஊகிக்கலாம். இன்று அதே தொம்மலூரில் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தவர்கள் அலுவலகம் செல்கின்றனர். ஊரின் தொழில் மாறிவிட்டது, இயல்பு மாறவில்லை.

அண்மையிலுள்ள மடிவாளத்துச் சோமேசுவரர் கோயிலிலும் இதே நிலைதான். அங்கே 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் குறிப்பிடுகிறது, கொடையாளி வேப்பூரினர். வெங்களூர் என்பது பெங்களூர்; வேப்பூர் என்பது பேகூர். தமிழில் எழுதியவர்களும் இந்த ஊரை இந்த ஊராகவே அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று.

ஹொய்சளருக்குப் பின் விஜயநகரம் வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் தேவராயர் காலத்துக் கொடைகள் தொம்மலூர்க் கோயிலில் பதிவாகியிருக்கின்றன. ஊரைச் சேர்ந்த சுங்கமும் வரியும், வீடுகளும் கிணறுகளும் நிலங்களும் பெருமாளுக்கு உரிமையாக்கப்பட்டன. 1440-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று கன்னடத்தில் இருக்கிறது. அரசு மாறியது, எழுத்து மாறியது. ஆனால் பெருமாள் அதே பெருமாள். தமிழில் எழுதிய கல்லைப் பெயர்த்தெறிந்துவிட்டு, அவ்விடத்தில் கன்னடக் கல்லை வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. முன்னோர் செய்த அறத்தின் அருகிலேயே பின்னோர் தம் அறத்தை எழுதி வைத்தனர்.

நேயர்களே, இதுவரை சொன்னவற்றைக் கொண்டு இருவகை முடிவுக்கு வருவோர் உண்டு. "பார்த்தீர்களா, இங்கே அன்றே தமிழ் இருந்தது; ஆகவே இந்த இடம் நம்முடையது" என்பர் சிலர். "இவை எல்லை கடந்து வந்தவர்கள் வெட்டிய எழுத்துகள், நமக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை" என்பர் வேறு சிலர். இரு சாராரும் ஒன்றுக்கொன்று எதிரானவற்றைச் சொல்வதுபோலத் தோன்றினாலும், ஒரே தவற்றைச் செய்கின்றனர். கல்வெட்டை அவர்கள் நிலப்பட்டாவாக எண்ணிவிடுகின்றனர்.

கல்வெட்டின் மொழி எதைக் காட்டும்? அதனைப் படித்து நடக்க வேண்டியவர்களுக்கு எந்த மொழி தெரிந்திருந்தது என்பதைக் காட்டும். கொடை இன்னது, எல்லை இன்னது, வரி விலக்கு இன்னது என்பதைக் கோயில் கணக்கரும் ஊர் அதிகாரியும் அறிந்து நடப்பதற்காக வெட்டியது அது. தன் முன்னோர் மொழி கன்னடமாக இருந்தும், வீரராமநாதன் தமிழில் ஆணை பிறப்பித்தான். அவன் மொழியை மாற்றிக்கொண்டான் என்பது அதன் பொருளன்று. ஆணையை நிறைவேற்றுவோர் தமிழ் அறிந்தோராக இருந்தனர் என்பதே பொருள். அவ்வாறே, ஒரு கோயிலின் கல் தமிழில் இருப்பதால் அவ்வூரார் அனைவரும் தமிழரே என்று முடிவு கட்ட இயலாது. கன்னடத்தில் இருப்பதால் தமிழர் எவரும் அங்கில்லை என்றும் கூற இயலாது. அரசு அலுவலகத்துக் கோப்பு எந்த மொழியில் இருக்கிறது என்பதைக் கொண்டு தெருவில் பேசும் மொழியைத் தீர்மானிக்க முடியாது என்பதை நம் காலத்தவர் நன்கு அறிவர்.

கல்வெட்டுகளின் முடிவில் வரும் வாசகங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கொடை சந்திரனும் சூரியனும் உள்ளவரை நடக்க வேண்டும் என்று எழுதுவது தமிழ்க் கல்வெட்டுகளின் மரபு. இந்த அறத்தைக் காப்பவனின் திருவடி தன் தலைமேல் இருப்பதாகக் கொடையாளி எழுதி வைப்பதும் மரபு. மன்னர்களும் அவ்வாறு எழுதியிருக்கின்றனர். எத்தனை பணிவு அது! காக்கப்போகிறவன் இன்னும் பிறக்கவில்லை. அவன் என்ன குலம், என்ன நாடு, என்ன மொழி என்று கொடையாளிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. காத்தான் என்பது ஒன்றே போதும், அவன் பாதத்தைத் தலைமேல் ஏற்க இவன் ஆயத்தமாக இருக்கிறான். அத்தகைய எழுத்தை நாம் உரிமைப் பத்திரமாகப் படிப்பது எவ்வளவு பொருந்தாதது! அது கடமைப் பத்திரம். வழக்காடுவதற்காகத் தரப்பட்டதன்று, காப்பாற்றுவதற்காகத் தரப்பட்டது.

இந்தக் கடமையைச் செய்தவர்களின் வரலாறும் நமக்குத் தெம்பு தருவது. பெங்களூரிலேயே 1837-ஆம் ஆண்டில் பிறந்த ஆங்கிலேயரான லூயிஸ் ரைஸ், மைசூர் அரசின் தொல்லியல் துறையை நடத்தியவர். ஊர் ஊராகச் சாசனங்களைப் படியெடுக்கச் செய்து, எபிகிராபியா கர்னாடிகா என்ற தொகுதிகளாக வெளியிட்டார். பெங்களூர் மாவட்டத்துக்குரிய ஒன்பதாம் தொகுதி 1905-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொம்மலூர்க் கல்வெட்டுகளை உலகம் அறிந்தது அதன் வாயிலாகவே. கன்னட நாட்டின் அரசு, தன் பொருளைச் செலவிட்டு, ஆங்கிலேயர் ஒருவரைக் கொண்டு, தமிழ்க் கல்வெட்டுகளையும் கன்னடக் கல்வெட்டுகளோடு ஒரே நூலில் காத்து வைத்தது. அண்மைக் காலத்தில், 1909-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மிதிக் சொசைட்டி என்ற பெங்களூர்க் கழகம், 2021-ஆம் ஆண்டு முதல் நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் கணினியில் பதிவு செய்துவருகிறது. மொழி வேறுபாடு பாராமல் எல்லாக் கற்களையும் அது பதிவு செய்கிறது.

இப்பணி எத்துணை அவசரமானது என்பதற்கு இந்த நகரமே சான்று. ஹெப்பாளத்து வீரக்கல் எண்ணற்ற ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. கால்வாய் வேலைக்காக மண்ணைத் தோண்டியபோதுதான் வெளிப்பட்டது. சாலை அகலமாகும்போதும், வீடு எழும்பும்போதும், கல் உடைபட்டு அடித்தளத்துக்குள் மறைந்துவிடுகிறது. கோயில்களிலோ பக்தியே பகையாகிவிடுகிறது. திருப்பணி என்ற பெயரால் சுவரில் பூசும் சுண்ணமும் வண்ணமும் எழுத்தை மூடிவிடுகின்றன. கல்லைப் பளிச்சென்று ஆக்குவதற்காக மணலை வீசியடித்துத் துலக்கும் முறையால் ஆழமில்லாத எழுத்துகள் தேய்ந்தே போய்விடுகின்றன. தொம்மலூருக்கு என்று ஓர் ஏரி இருந்தது. அது இன்று குடியிருப்பாகிவிட்டது. வயலும் இல்லை, வாய்க்காலும் இல்லை. கொடையில் குறித்த பொருள்கள் மறைந்தபின், கொடையைச் சொல்லும் எழுத்து ஒன்றே எஞ்சியிருக்கிறது.

பெங்களூரில் வாழும் நேயர்களுக்கு மட்டும் உரியதன்று இச்செய்தி. தில்லியிலோ நாகபுரியிலோ கொல்கத்தாவிலோ, நாம் பிழைப்பை நாடிச் சென்று தங்கிய ஒவ்வொரு நகரத்திலும், நமக்கு முன்னரே அங்கிருந்த பழைய கோயில் ஒன்று ஏதாவதொரு பேட்டையில் இருக்கும். பெரும்பாலும் அதில் தமிழ் எழுத்து இராது. அதனால் அது நமக்கு அயலான கோயில் ஆகிவிடுமா? அழகியார் தொம்மலூருக்கு நிலைக்கால் தந்தபோது, பிற்காலத்தில் அதே கோயிலுக்குக் கன்னடச் சாசனம் எழுதுவோர் வருவர் என்று அறிந்திரார். அவர்கள் வந்தனர்; அவருடைய வாசல் வழியாகவே உள்ளே சென்று வழிபட்டனர். நாமும் பிறர் நாட்டிய நிலைக்கால்களுக்கு நடுவே நுழைகிறவர்களே.

தொம்மலூருக்குச் செல்லும் நேயர்களுக்குச் சில சொற்கள். வழிபாடு முடிந்ததும் உடனே திரும்பிவிட வேண்டாம். அர்ச்சகரிடமோ கோயிலைச் சேர்ந்தவர்களிடமோ கேட்டு, எழுத்துள்ள இடங்களைப் பாருங்கள். பகற்பொழுதில் பக்கவாட்டிலிருந்து வெயில் விழும்போது எழுத்து நன்றாகத் தெரியும். அவற்றின்மேல் எண்ணெயோ குங்குமமோ மாவோ தடவ வேண்டாம். பழந்தமிழ் எழுத்தோடு கிரந்த எழுத்தும் கலந்திருப்பதால் முதற்பார்வையில் ஒரு சொல்கூடப் பிடிபடாமல் போகலாம்; அதனால் சோர்வடைய வேண்டாம். ஒரு மகரத்தையும் ஒரு பகரத்தையும் அடையாளம் கண்டுகொண்டாலே மீதி மெல்ல மெல்ல விளங்கும்.

இயலுமானால் கன்னடம் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கன்னடச் சாசனத்தில் அவர் உதவுவார். தமிழ்ச் சாசனத்தில் நீங்கள் அவருக்கு உதவலாம். தமிழ்க் கல்லை மட்டும் படித்துவிட்டு வருகிறவர் அக்கோயிலின் பாதி வரலாற்றையே அறிந்தவர் ஆவார்; கன்னடக் கல்லை மட்டும் படிப்பவரும் அவ்வாறே. இருவரும் சேர்ந்து படித்தால்தான் சொக்கப்பெருமாளின் வரலாறு முழுமையாகும்.